கூடைக்காரம்மா எழுதிய பதினாறாம் பிரிவு

எங்கள் அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். கூடைக்காரம்மா என்றால் உடனே கடைசி அறையைக் கை காட்டுவார்கள். ஒரு தூதரக டிரைவர் கீழே வந்து அந்தப் பெயரைச் சொன்னபோது, வேலைக்குப் புதிதாக வந்திருந்த காவலாளி, "விக்கிறவங்களை எல்லாம் உள்ளே விடறதில்லைப்பா" என்று அனுப்பிவிட்டான். அதைக் கேட்டு அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பார்.

நான் அதே அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் டைப் அடித்தவன். அவர் எழுதியதை எல்லாம் என் விரல்கள்தான் அடித்தன. பதினாறாம் பிரிவையும்தான். ஆகவே இதில் எனக்குப் பங்கே இல்லை என்று நான் நழுவ முடியாது.

நம் நாட்டின் வறுமையைக் குறைக்க ஏழு நாடுகள் பணம் கொடுத்துவந்தன. ஏழும் தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனிப் படிவம், மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்து பார்க்கும் தனிக் குழுக்கள். அந்தக் குழுக்களுக்கு ஓட்டல், வண்டி, மொழிபெயர்ப்பாளர், மாவட்ட அதிகாரியோடு சந்திப்பு என்று எல்லாம் ஏற்பாடு செய்வதுதான் கூடைக்காரம்மாவின் முதல் வேலை. ஒரு வருஷம் எண்ணிப் பார்த்தார். நூற்று நாற்பத்து மூன்று குழுக்கள். "கல்யாண மண்டப மேனேஜருக்குக்கூட என்னைவிட ஓய்வு இருக்கும் டைப்பிஸ்ட் சார்" என்றார்.

அவருடைய தங்கை ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஒரு மலையடிவாரத்தில் பிரசவ நர்ஸ். இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு தகர வாசல் உள்ள சுகாதார நிலையம். ஒரு விடுமுறையில் அக்கா அங்கே போயிருந்தார். மேசையில் ஏழு நோட்டுகள் விரித்துக் கிடந்தன. ஒரு குழந்தையை எடை போட்டுவிட்டு, அதே எடையைத் தங்கை ஏழு நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நாட்டுக்குக் கிராமில் வேண்டும், இன்னொன்றுக்குக் கிலோவில். ஒருவருக்கு வயது மாதக் கணக்கில், இன்னொருவருக்கு வாரக் கணக்கில். வெளியே தாய்மார்கள் வெயிலில் நின்றிருந்தார்கள்.

அதைவிட அவரைப் பிடித்து உலுக்கியது மூலையில் இருந்த ஃபிரிட்ஜ். மேலே ஒரு நாட்டின் கொடி ஒட்டியிருந்தது. உள்ளே பாதி காலி. பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் வாளியில் உருகிக்கொண்டிருந்த ஐஸுக்கு நடுவே இன்னொரு நாடு கொடுத்த தடுப்பூசி.

"இதை ஏண்டி அதுக்குள்ள வைக்கலை?"

"அவங்க கொடுத்த பெட்டியில அவங்க மருந்தைத்தான் வைக்கணுமாம் அக்கா. போன தடவை இதை உள்ளே வச்சிருந்தேன், பார்க்க வந்தவர் போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டார். எனக்கு மெமோ வந்துச்சு."

திரும்பி வந்த அன்றே கூடைக்காரம்மா ஒரு குறிப்பு எழுதினார். ஏழு பேரும் ஒரே நிதியில் போடட்டும். ஒரே திட்டம், ஒரே நோட்டு, வருஷத்துக்கு ஒரே ஒரு குழு. அந்தப் பொது நிதிக்குக் 'கூடை' என்று பெயர் வைத்தார்; அவருடைய பட்டப்பெயரும் அதிலிருந்து வந்ததுதான். செயலாளர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஒரே வீட்டுல இருக்கிற அண்ணன் தம்பியே ஒரு மின்சார பில்லைச் சேர்ந்து கட்ட மாட்டேங்கிறான்."

ஆறு வருஷம் பிடித்தது. அந்த ஆறு வருஷத்தைப் பற்றித் தனியாக எழுதலாம், ஆனால் படிப்பவர்கள் கட்டுக்கதை என்பார்கள். ஏழு நாட்டுச் சின்னங்களையும் ஆவணத்தின் அட்டையில் எந்த வரிசையில் போடுவது என்பதற்கு மட்டும் இரண்டு நாள் கூட்டம் நடந்தது. அகர வரிசை என்றால் யாருடைய அகரம்? கடைசியில் கூடைக்காரம்மா ஏழையும் வட்டமாகப் போட்டார். அதிலும் ஒருவர், உச்சியில் யார் என்று கேட்டார். "நீங்க எந்தப் பக்கமா பிடிக்கிறீங்களோ அதுதான் சார் உச்சி" என்றார் இவர்.

ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டன. ஏழாவது பெரியது. மொத்தப் பணத்தில் பாதி அவர்களுடையது. அவர்களுடைய பிரதிநிதியை நாங்கள் நெட்டையர் என்போம். எங்கள் கதவுக்குள் குனிந்துதான் வருவார். நம் மொழியைப் புத்தகம் வைத்துக் கற்றவர், எழுதுவதுபோலவே பேசுவார். கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஒரு நிபந்தனையின் பேரில் நாங்களும் இணைகிறோம்" என்றார் நெட்டையர். "அரசு ஏதேனும் பெரிய முறைகேடு செய்தால், ஏழு பேரும் ஒரே குரலில் பேச வேண்டும். ஒருவர் நிறுத்தினால் எல்லோரும் நிறுத்த வேண்டும்."

"ஒருத்தர் நிறுத்தினா மத்தவங்க எதுக்கு சார் நிறுத்தணும்?"

"இல்லையென்றால் உங்கள் அமைச்சர்கள் எங்களில் ஒருவரைக் காட்டி மற்றவரிடம் பேரம் பேசுவார்கள். பேசியிருக்கிறார்கள்."

அது பொய்யில்லை. கூடைக்காரம்மா செயலாளரைப் பார்த்தார். செயலாளர், "எழுதிடுங்கம்மா. அதெல்லாம் நடக்கவா போகுது? கையெழுத்து விழட்டும் முதல்ல" என்றார்.

நெட்டையரின் அலுவலகம் அனுப்பிய பதினாறாம் பிரிவின் வரைவில் 'நிதி நிறுத்தப்படலாம்' என்று இருந்தது. நான் அதை அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடைக்காரம்மா சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டு பொருள் தரும் வாக்கியத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவர். 'நிறுத்தப்படலாம்' என்பதை அடித்துவிட்டு 'நிறுத்தப்படும்' என்று எழுதினார். 'நிதி' என்பதற்கு முன்னால் 'எந்தத் துறைக்குரியதாயினும்' என்று சேர்த்தார். "இப்பதான் தெளிவா இருக்கு" என்றார். எனக்கும் தெளிவாகத்தான் இருந்தது. மறுபடியும் அடித்துக் கொடுத்தேன்.

கூடை நிறைந்தது. மூன்று வருஷம் அது ஓடிய அழகை நான் கண்ணால் பார்த்தேன். மலையடிவாரத்து நிலையத்தில் ஏழு நோட்டு ஒன்றாயிற்று. கொடி ஒட்டிய ஃபிரிட்ஜுக்குள் எல்லா மருந்தும் குளிர்ந்தது. தங்கைக்கு ஓர் உதவியாளரும், மாவட்டத்துக்கு நான்கு ஆம்புலன்ஸும் கிடைத்தன. தங்கை போன் பண்ணி, "சின்ன வயசிலேர்ந்து என் பென்சிலைப் பிடுங்கினதைத் தவிர நீ எனக்கு ஒண்ணும் பண்ணினதில்லை. இது ஒண்ணு உருப்படியா பண்ணியிருக்கே" என்றாள். கூடைக்காரம்மா அதை அறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்கு அழைத்தார்கள். போனார், பேசினார், கம்பளிச் சால்வை வாங்கி வந்தார்.

நாலாம் வருஷம், சாலைத் துறை அமைச்சர் ஒரு பாலத்தின் ஒப்பந்தத்தைத் தன் மைத்துனருக்குக் கொடுத்தார். பாலம் பாதியில் நின்றது, மைத்துனருக்கு வீடு எழும்பியது. பத்திரிகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படம் போட்டார்கள். அந்தப் பாலத்துக்கும் எங்கள் கூடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதிலிருந்து ஒரு காசு போகவில்லை. ஆனால் நெட்டையரின் நாட்டு நாடாளுமன்றத்தில் யாரோ கேள்வி கேட்டார்கள். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. பதினாறாம் பிரிவு.

கூடைக்காரம்மா நெட்டையரின் அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குறிப்பெடுக்க ஆள் வேண்டும் என்றார். தனியாகப் போகத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

"சாலைக்கு நிறுத்துங்க சார். தாராளமா நிறுத்துங்க. ஆஸ்பத்திரிக்கு எதுக்கு நிறுத்துறீங்க?"

நெட்டையர் ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்து, அந்த வரியின் கீழ் விரலை வைத்தார். "'எந்தத் துறைக்குரியதாயினும்.' 'நிறுத்தப்படும்.' அம்மா, எங்கள் சட்டப் பிரிவினர் இதில் ஓர் இடைவெளி தேடினார்கள். நான்தான் தேடச் சொன்னேன். கிடைக்கவில்லை. நீங்கள் மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள்."

அவர் குத்திக் காட்டவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். அதனால்தான் அது அப்படி நெஞ்சில் இறங்கியது. படியிறங்கும்போது கூடைக்காரம்மா கைப்பிடியை விடாமல் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

ஏழில் இரண்டு சின்ன நாடுகளுக்குத் தொடர்ந்து கொடுக்க மனசு இருந்தது. அவர்களாலும் முடியவில்லை. தனியாகக் கொடுத்தால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். செயலாளர், "மூணு மாசம் பொறுங்கம்மா. தேர்தல் வருது, எல்லாம் சரியாயிடும்" என்றார். பதினாலு மாதம் ஆயிற்று.

மலையடிவாரத்தில் முதலில் சம்பளம் நின்றது. தங்கையின் உதவியாளர் இரண்டாம் மாதம் ஊருக்குப் போய்விட்டார். பிறகு ஃபிரிட்ஜை ஓட்டும் காஸ். பிறகு ஆம்புலன்ஸுக்கான டீசல். தங்கை மட்டும் தினமும் தகர வாசலைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆறாம் மாதம் ஒரு மத்தியானம் எங்கள் அறை போன் அடித்தது. எடுத்தது நான். "அக்காகிட்ட கொடுங்க" என்றாள். கொடுத்தேன். அந்தப் போனில் எதிர்முனை பேசுவது அறை முழுக்கக் கேட்கும். பலமுறை புகார் செய்தும் மாற்றித் தரவில்லை.

"அக்கா, இன்னைக்கு ஒருத்தி செத்துட்டா."

"யாருடி?"

"உனக்குத் தெரியாது. செங்கல் சூளையில வேலை பார்க்கிறவ. ரெண்டாவது பிரசவம். ரத்தம் நிக்கலை. வண்டி வாசல்லயே நிக்குது, டீசல் இல்லை. மாட்டு வண்டியில ஏத்தினோம். மெயின் ரோடு வர்றதுக்குள்ள போயிட்டா. நான் கூடவே நடந்தேன்."

"குழந்தை?"

"இருக்கு."

கூடைக்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ ஒண்ணும் சொல்லாத. உன் தப்பு இல்லைன்னு என் வாயால கேட்கத்தானே பார்க்கிறே? சொல்ல மாட்டேன். ஏழு நோட்டு எழுதி எழுதி எனக்குக் கை வலிச்சுது, உண்மைதான். ஆனா அப்ப ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுப் போனா மத்த ஆறு பேர் இருந்தானுங்க. நீ எல்லாரையும் ஒரே கயித்துல கட்டிட்டே. ஒருத்தன் விழுந்தான், எல்லாரும் விழுந்துட்டானுங்க."

போனை வைத்துவிட்டாள்.

அடுத்த முறை ஏழு நாடுகளும் கூடிய கூட்டத்தில் கூடைக்காரம்மா எழுந்து அந்தப் பெண்ணின் சாவைச் சொன்னார். கையில் காகிதம் இல்லாமல், செங்கல் சூளை, மாட்டு வண்டி, மெயின் ரோடு என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமை வகித்தவர், பகிர்ந்துகொண்டமைக்கு நன்றி என்றார். பிறகு தேநீர் இடைவேளை.

நாலு நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது. 'சில மாவட்டங்களில் சேவைத் தொடர்ச்சியில் சவால்கள் எழுந்துள்ளதைக் கூட்டம் கவனத்தில் கொண்டது.' அவ்வளவுதான். கூடைக்காரம்மா அதை இரண்டு தடவை படித்தார். "நல்ல வாக்கியம்" என்றார். "நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்." உண்மை. அப்படிப்பட்ட வாக்கியங்களை அவர் வருஷக்கணக்கில் எழுதியிருக்கிறார், நான் அடித்திருக்கிறேன்.

'ஒரு பெண் இறந்தாள்' என்று திருத்தக் கேட்டார். திருத்தத்துக்கு ஏழு நாடுகளும் நம் அரசுமாக எட்டுத் தரப்பும் பத்து வேலை நாளுக்குள் சம்மதிக்க வேண்டும். ஒரு தரப்பு விடுமுறையில் இருந்தது.

தங்கை ஒன்பதாம் மாதம் வரை தாக்குப்பிடித்தாள். பஸ் நிலையத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. வெளிநாட்டில் முதியோர் இல்லங்களுக்கு நர்ஸ்கள் தேவை, விமானச் செலவு இலவசம். அது நெட்டையரின் நாடு. அவள் போனாள். அவள் மட்டுமா போனாள்? அந்த மாவட்டத்தில் அறுபத்திரண்டு பிரசவ நர்ஸ்கள் இருந்தார்கள். முடிவில் பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள். வழியனுப்ப விமான நிலையத்துக்குக் கூடைக்காரம்மா போனார். கருத்தரங்கில் வாங்கிய கம்பளிச் சால்வையைக் கொடுத்தாராம். தங்கை வாங்கிக்கொண்டாளாம்.

தேர்தல் முடிந்தது. சாலைத் துறை அமைச்சர் மீன்வளத் துறைக்கு மாறினார். ஏழு நாடுகளும் திருப்தி தெரிவித்தன. கூடை மறுபடியும் திறந்தது. பெரிய ஓட்டலில் விழா, புதிய அட்டை, அதே வட்டம்.

விழாவுக்கு ஆண்டறிக்கை வேண்டும் என்றார்கள். மாவட்ட வாரியாகப் புள்ளிவிவரம் வந்தது. நான் அடித்துக்கொண்டே போனேன். மலையடிவார மாவட்டம், பிரசவ மரணம்: பூஜ்யம். நான் கையை எடுத்துவிட்டேன்.

"மேடம், இங்க பாருங்க."

பார்த்தார். உடனே புள்ளிவிவரப் பிரிவுக்கு மாடியேறிப் போனார். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். பணம் நின்ற பதினாலு மாதமும் அந்த நிலையங்கள் எல்லாம் பட்டியலில் 'செயல்படாதவை'. செயல்படாத நிலையத்தின் நோட்டு கணக்கில் வராது. அதனால் மரணமும் இல்லை. "ஒரு விதத்துல இந்த மாவட்டத்தோட எண்ணிக்கை ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம்" என்றார் அவர்.

விழாவில் ஒரு பேச்சாளர் அந்தப் பூஜ்யத்தைப் பாராட்டினார். கூடைக்காரம்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டியதை நான் பார்த்தேன். பிறகு கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனார். இறந்துபோன அந்தப் பெண்ணின் கணவர் சூளையில் இருந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குடும்பத்தார் மனுக் கொடுத்தால் மரணத்தைத் தாமதமாகவும் பதியலாம் என்று ஒரு விதி இருந்தது. அதைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் போயிருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்து வேணும்ங்க" என்றார்.

"போட்டா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. உங்க வீட்டுக்காரம்மா செத்தது அரசாங்கத்துல பதிவாகும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவ செத்தது எனக்குத் தெரியுமே. அவங்களுக்குத் தெரியணுமா?" என்றார். பிறகு, "நீங்க எந்த ஆபீஸ்?" என்று கேட்டார்.

கூடைக்காரம்மா சொன்னார். அந்த மனிதருக்கு அது எதுவும் புரியவில்லை. இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறாரே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒன்றோடு நிற்கவில்லை. எட்டு மாதம், சனிக்கிழமை தோறும், மூடிக்கிடந்த ஒவ்வொரு நிலையத்தின் ஊருக்கும் போய் விசாரித்தார். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஒன்பது பேர். ஒன்பது வீட்டிலும் மனு வாங்கினார். புள்ளிவிவர அதிகாரிக்கு மறுக்க வழியில்லை. ஆனால் பதிவு எந்தத் தேதியில் நடக்கிறதோ அந்த வருஷக் கணக்கில்தான் சேரும் என்றார். அதுவும் விதிதான்.

ஆகவே கூடை மூடிக்கிடந்த காலத்தில் பூஜ்யம், கூடை திறந்த வருஷத்தில் ஒன்பது.

ஏழு நாடுகளும் கையெழுத்திட்டு ஒரே கடிதமாக அனுப்பின. நிதி மீண்டும் வழங்கப்பட்ட பின் இம்மாவட்டத்தில் பிரசவ மரணம் அதிகரித்தது ஏன்? பதினைந்து நாளில் விளக்கம் தேவை. இனிக் கேள்விகள் எல்லாம் ஒரே கடிதமாகத்தான் வர வேண்டும் என்று ஒரு காலத்தில் ஏற்பாடு செய்தவரும் கூடைக்காரம்மாதான்.

விளக்கத்தை அவரே எழுதினார். ஒன்பது பேரின் பெயர், வயது, ஊர், இறந்த தேதி. கடைசியில், 'இவர்கள் பதினாறாம் பிரிவு நடைமுறையில் இருந்தபோது இறந்தவர்கள். அப்பிரிவின் இறுதி வாசகத்தை எழுதியவள் நான். அது நீக்கப்பட வேண்டும்.' நான் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அடித்தேன். செயலாளர் கடைசி மூன்று வாக்கியங்களையும் கோடு போட்டு நீக்கிவிட்டுக் கையெழுத்திட்டார். விளக்கத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. பதினாறாம் பிரிவு இன்றைக்கும் இருக்கிறது. வேறு இரண்டு நாடுகளின் ஒப்பந்தங்களில் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் நான் இருந்தேன், பழைய கோப்பு ஒன்றைக் கொடுக்கப் போயிருந்தேன். தங்கையிடமிருந்து போன் வந்தது. மாதம் ஒரு தடவை கூப்பிடுவாளாம். அக்காவோடு இல்லை, அவருடைய பிள்ளைகளோடுதான் பேசுவாளாம். அன்று கூடைக்காரம்மா ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளிடமிருந்து போனை எட்டி வாங்கினார்.

"அந்தச் சூளைப் பொண்ணோட சாவைப் பதிவு பண்ணிட்டேன்டி. மொத்தம் ஒன்பது பேர். பெயரோட."

எதிர்முனையில் யாரோ ஒரு வயதானவர் இருமுவது கேட்டது.

"குழந்தையைப் பார்த்தியா?" என்றாள் தங்கை.

"பார்த்தேன். நடக்குது."

"சரி. இங்க ஒரு தாத்தாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும். நேரமாச்சு" என்றாள்.